அடுப்படிக்குள் வந்த விளம்பரம்

ஆவடி வட்டாரம்: வரலாற்றுத் தொடர் – 12

சென்ற பகுதி 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு நின்றது. சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் சூட்டப்பட்ட இடத்தில், யு.என். தேபர் தலைமையில், சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டார்கள். எஃகு ஆலை, அணைக்கட்டு, கனரகத் தொழில் என்று நாடு பேசத் தொடங்கிய காலம் அது. அந்த இடத்திலிருந்து வடக்கே சில மைல் போனால் வெள்ளானூர். அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம்; ஏரிப் பாசனமும் நெல் வயலும் விறகு அடுப்பும்தான் வாழ்க்கை. அந்த ஊர்ப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப் போனது, அதே ஆண்டுகளில் வந்த விளம்பரங்கள் குடும்பப் பெண் என்று யாரைக் காட்டின என்பதை இந்தப் பகுதி பேசுகிறது.

பொழுது விடியுமுன்னே அவள் எழுந்துவிடுவாள். வாசல் தெளித்து, தண்ணீர் எடுத்து, வறட்டியும் சுள்ளியும் வைத்து அடுப்பு மூட்ட வேண்டும். புகையில் கண் எரியும். மிளகாயும் மல்லியும் அம்மியில், மாவு ஆட்டுக்கல்லில், நெல் உரலில். அதன்பிறகு நடவோ களையோ இருந்தால் வயலுக்குப் போக வேண்டும். பாத்திரம் துலக்கச் சாம்பலும் தேங்காய் நாரும், தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தமாவு. சோப்பு என்பது பெரும்பாலும் மளிகைக்கடையில் நீளக் கட்டியாக இருக்கும் பார் சோப்புதான். வேண்டிய அளவு கடைக்காரர் துண்டு போட்டுக் கொடுப்பார். டாட்டா எண்ணெய் ஆலையின் 501 பார் சோப்பு அப்படித்தான் கிராமங்களில் நுழைந்தது.

1951 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. ஆகவே கிராமத்துக்கு விளம்பரம் எழுத்தாக வரவில்லை, படமாக வந்தது. கடை வாசலில் எனாமல் பலகை, சுவரில் நாள்காட்டி, டூரிங் டாக்கீஸில் இடைவேளை ஸ்லைடு. டப்பாவே ஒரு விளம்பரம்தான். சாமான் தீர்ந்த பிறகும் தகர டப்பா அலமாரியில் உட்கார்ந்து பருப்பையும் புளியையும் காத்தது; அதன் மேலிருந்த படம் வருஷக்கணக்கில் வீட்டோடு இருந்தது.

எழுத்தாக வந்த விளம்பரம் நகரத்து நடுத்தர வீடுகளைக் குறிவைத்தது. அதற்குப் பாதை போட்டவை பத்திரிகைகள். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ். வாசன், அதற்கு முன்னால் விளம்பரம் திரட்டும் தொழிலிலும் தபால் மூலம் பொருள் விற்கும் தொழிலிலும் இருந்தவர். வாசகர் வீட்டுக்குள் என்ன போகும், எது விலை போகும் என்று அறிந்த கண் அவருடையது. 1941-இல் கல்கியும் 1947-இல் குமுதமும் வந்தன. அதற்கு முன்பே, 1925 முதல், வை.மு. கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி இதழைத் தாமே நடத்திக் காட்டியிருந்தார். ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பிரதி வீட்டில் எல்லோர் கையிலும் சுற்றி, பக்கத்து வீட்டுக்கும் போய், தைக்கப்பட்டு பைண்டு புத்தகமாகும். தொடர்கதைக்காகக் காத்திருந்த பெண்களின் கண்ணில் கதைக்குப் பக்கத்துப் பத்தியில் இருந்த விளம்பரமும் வாராவாரம் பட்டது.

சென்னையில் இந்த வியாபாரத்தைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1928-இல் அவர் தொடங்கிய நிறுவனம், வெளிநாட்டு நுகர்பொருள்களைத் தென்னிந்தியாவில் விநியோகிக்கும் ஏஜென்சி. லீவர் சோப்புகள் முதல் உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் வரை அதன் வழியே ஊர் ஊராகப் போயின. பிறகு அவர் அரசியலுக்குப் போனார். 1952 முதல் மத்திய வர்த்தக, தொழில் அமைச்சர், 1956-இல் நிதியமைச்சர். அந்நியச் செலாவணி நெருக்கடியில் இறக்குமதியை இறுக்கிய காலத்தில் நிதிப் பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. இறக்குமதி செய்து விற்ற நிறுவனங்கள் உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டிய கட்டாயம் வந்தது. டி.டி.கே. குழுமமே பிரிட்டிஷ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1959-இல் பெங்களூரில் பிரெஸ்டீஜ் பிரஷர் குக்கர் தயாரிக்கத் தொடங்கியது. பம்பாயில் ஹாக்கின்ஸ் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். சமையலறைச் சாமான் இந்தியாவிலேயே பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியபோது, அதை வாங்க வைக்கும் வேலையும் பெரிதாயிற்று.

அந்த வேலைக்கு முன்மாதிரி டால்டா. 1937-இல் சந்தைக்கு வந்த இந்த வனஸ்பதி ஒரு பெரிய சந்தேகத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. நெய் என்றால் பசு, பூஜை, விருந்து, பிள்ளைப்பேறு. அதன் இடத்தில் ஆலையில் செய்த ஒரு கொழுப்பை எந்தத் தாய் வைப்பாள்? 1939-இல் லிண்டாஸ் விளம்பர நிறுவனம் இறங்கியது. திரையரங்கில் குறும்படம் காட்டினார்கள். டால்டா டப்பா வடிவத்திலேயே வண்டி செய்து தெருவில் ஓட்டினார்கள். டால்டாவில் கிண்டிய அல்வாவை வருவோர் போவோர் கையில் வைத்து, முகர்ந்து பாருங்கள், தின்று பாருங்கள் என்றார்கள். பிறகு சமையல் குறிப்புக்கென்றே டால்டா ஆலோசனைச் சேவை வந்தது. சந்தேகம் இருந்தால் கடிதம் எழுதலாம்.

காந்தி வனஸ்பதியை எதிர்த்தார். தடை செய்ய வேண்டும் என்ற குரல் சுதந்திரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் வரை எழுந்தது. நெய்யில் கலப்படம் செய்தால் சோதனையில் தெரிய வேண்டும் என்பதற்காக வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டுமென அரசு விதி செய்தது. வைட்டமின் ஏ சேர்ப்பதும் கட்டாயமாயிற்று. விளம்பரங்கள் இந்த வாதத்துக்குள் போகவே இல்லை. அவை பரிமாறும் அம்மாவை வரைந்தன. தட்டைச் சுற்றிப் பிள்ளைகள், பின்னால் திருப்தியோடு கணவன். எண்ணெயைப் பற்றிய விவாதத்தைத் தாயன்பைப் பற்றிய பேச்சாக மாற்றியதுதான் அந்த விளம்பரங்களின் வெற்றி. தாயன்பை யார் மறுத்துப் பேச முடியும்?

அதே உத்தியின் இன்னொரு வடிவம் படக்கதை. பிரிட்டனில் 1930-களில் ஹார்லிக்ஸுக்காக ஜே. வால்டர் தாம்ப்சன் நிறுவனம், தூக்கத்தில் உடம்பு பட்டினி கிடப்பதாக ஒரு குறைபாட்டைக் கற்பித்து, அதைக் கட்டம் கட்டமாகக் கதை சொல்லி விற்றது. இந்தியப் பத்திரிகைகளிலும் இந்தக் கட்டக் கதை பல பொருள்களுக்குப் பரவியது. அதன் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. முதல் கட்டத்தில் பிள்ளை வகுப்பில் சோர்ந்து விழுகிறான், அல்லது கணவன் அலுவலகத்திலிருந்து எரிச்சலோடு வருகிறார். இரண்டாவதில் மனைவி கன்னத்தில் கை வைத்துக் கவலைப்படுகிறாள். மூன்றாவதில் கோட்டுப் போட்ட டாக்டரோ, விவரம் தெரிந்த சிநேகிதியோ பொருளின் பெயரைச் சொல்கிறார். அடுத்த கட்டத்தில் கொதிக்கும் ஆவியோடு ஒரு டம்ளர். கடைசியில் பிள்ளை முதல் மாணவன், கணவனுக்குப் பதவி உயர்வு, அவள் முகத்தில் நிம்மதி.

இந்தக் கதையில் அவளுக்கு நேர்ந்தது என்ன என்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பிள்ளையின் மதிப்பெண், கணவனின் களைப்பு, சட்டைக் காலரின் அழுக்கு, மாமியாரின் முகம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவள் கையிலிருக்கும் ஒரு டப்பாவுக்கு வந்துவிட்டது. சரியானதை வாங்கினால் அவள் நல்லவள். வாங்காவிட்டால் முதல் கட்டத்தில் நடந்த அத்தனைக்கும் அவளே காரணம். அவளுடைய களைப்பு எந்தக் கட்டத்திலும் இல்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. அன்றைய பெரும்பாலான வீடுகளில் பணம் ஆண் கையில். கடைத்தெருவுக்குப் போவதும் பல வீடுகளில் ஆண்தான். ஆகவே விளம்பரம் இருவரிடம் ஒரே நேரத்தில் பேச வேண்டியிருந்தது. அவளிடம் கடமை, பாசம், பிள்ளையின் எதிர்காலம் என்றது; அவனிடம் சிக்கனம், ஆரோக்கியம், மனைவிக்கு ஒரு நல்ல பரிசு என்றது. பிரஷர் குக்கருக்கு இந்த இரண்டாவது குரல் மிகவும் உதவியது. விறகும் கரியும் மிச்சம், நேரமும் மிச்சம் என்ற கணக்கு ஆணுக்குப் புரியும். ஆனாலும் மூடிக்குள் அடைபட்ட ஆவி வெடிக்கும் என்ற பயம் போக வெகு காலம் ஆனது. கடைகளிலும் பெண்கள் கூடும் இடங்களிலும் சமைத்துக் காட்டித்தான் விற்றார்கள். 1980-களில் பிரெஸ்டீஜ் விளம்பரம் நேராகக் கணவனைப் பார்த்தே பேசியது: மனைவி மேல் அன்பிருப்பவர் இதை மறுக்கலாமா என்று கேட்டது. அப்போதும் சமைப்பவர் யார் என்ற கேள்வி எழவில்லை.

அழகுப் பொருள்களின் பாதை வேறு. லக்ஸ் சோப்பு இந்தியாவில் 1929-இல் விற்பனைக்கு வந்தது. 1941-இல் லீலா சிட்னிஸ் அதன் விளம்பரத்தில் தோன்றினார். இந்திய நடிகை ஒருவர் லக்ஸுக்கு முகம் கொடுத்தது அதுவே முதல்முறை. பின்னாளில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் வந்தார்கள். சினிமா நடிகையை மரியாதைக் குறைவாகப் பேசிய சமூகம், அவர் கையிலிருந்த சோப்பைப் பூஜையறை உள்ள வீட்டின் குளியலறையில் வைத்துக்கொண்டது. அதோடு சிவப்பு நிறமே அழகு என்ற பழைய நோயும் புதிய உறையில் வந்தது. கல்யாணச் சந்தையில் ஏற்கெனவே காயப்பட்டிருந்த கறுத்த பெண்ணை, அவளுடைய தோலையே ஒரு குறையாக எண்ண வைத்த விளம்பரங்கள் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தன. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல்தான் பெயரிலிருந்த சிவப்பைக் கைவிட்டது.

காதுக்கும் விளம்பரம் வந்தது. ஆனால் கடல் தாண்டி. அகில இந்திய வானொலி 1967 வரை விளம்பரத்துக்கு இடம் தரவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியது இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்காகவும் சினிமாப் பாட்டுக்காகவும் தமிழ்நாடு முழுக்க ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள். கோபால் பல்பொடி விளம்பரத்தை இன்றும் அப்படியே சொல்லிக் காட்டும் பெரியவர்கள் உண்டு. எழுத்தறியாத பெண்ணிடம் விளம்பரம் முதல்முறையாக நேராகப் பேசியது இப்படித்தான். டீக்கடையிலோ, பஞ்சாயத்து ரேடியோவிலோ, வசதியுள்ள வீட்டுத் திண்ணையிலோ அவள் கேட்டாள். பாட்டோடு சேர்ந்து பொருளின் பெயரும் மனத்தில் தங்கிவிட்டது.

இந்த வரிசையில் மிக நுட்பமானது உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்து வியாபாரி உருவாக்கியது. தமிழ் வீடுகளில் குழந்தை வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் உண்டு, வசம்பு உண்டு, உரைமருந்து உண்டு. சந்தனக் கல்லில் எத்தனை இழைப்பு என்பது வரை பாட்டிக்குத் தெரியும். அந்த அறிவோடு போட்டி போடாமல் அதையே விளம்பரம் சுவீகரித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் வந்த புகழ்பெற்ற படத்தில் குழந்தை அழுகிறது. என்ன ஆயிற்று என்று கேட்கும் குரல் ஒரு தலைமுறையிலிருந்து அதற்கு முந்தைய தலைமுறைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மூத்தவரும், நீ குழந்தையாக இருந்தபோது உனக்கும் இதைத்தான் கொடுத்தேன் என்கிறார். பாட்டியின் கைவைத்தியத்தை அகற்றியது பாட்டியின் வாயாலேயே நடந்தது. இழைக்கத் தெரிந்த கை போய், புட்டியை எடுத்துக் கொடுக்கும் கை வந்தது. தமிழ் வீட்டில் பெண்ணுக்கென்று இருந்த அதிகாரங்களில் ஒன்று அந்த மருத்துவ அறிவு. அது மெல்லக் கரைந்ததை யாரும் இழப்பாகக் கணக்கெழுதவில்லை.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்ததும் ஒப்பிடத்தக்கது. பெட்டி கிராக்கர் என்ற சமையல் அம்மாள் 1921-இல் ஒரு மாவு நிறுவனம் உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். 1945-இல் ஃபார்ச்சூன் பத்திரிகை, அமெரிக்காவில் மிகப் பிரபலமான பெண்களில் இரண்டாமிடம் அவருக்கு என்று எழுதியது. 1963-இல் பெட்டி ஃப்ரீடன் தம் புத்தகத்தில், இல்லத்தரசியின் வெறுமையை விற்பனை வாய்ப்பாகப் பார்த்த விளம்பர உலகைத் தோலுரித்தார். 1983-இல் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் இன்னொன்றைக் காட்டினார்: வீட்டுச் சாதனங்கள் வந்தபின் உடல் வலி குறைந்தது, ஆனால் சுத்தத்துக்கும் சமையலுக்கும் அளவுகோல் உயர்ந்தது, ஆணும் பிள்ளைகளும் முன்பு செய்த வேலைகள் மறைந்து, மிஞ்சியது எல்லாம் தாய் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டிலும் அதன் சாயல் உண்டு. வெளுப்பவரிடம் போன துணி வீட்டு வாளிக்குத் திரும்பியது. 1959-இல் சர்ஃப் சலவைத்தூள் வந்தபின் வெண்மை என்பது வீட்டுப் பெண்ணுக்கு வைக்கும் பரீட்சையாயிற்று.

ஆனால் அமெரிக்கக் கதையை அப்படியே வெள்ளானூருக்குப் பொருத்த முடியாது. அங்கே விளம்பரப் பெண் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல இருந்தாள். இங்கே அவள் யாரைப் போலவும் இல்லை. பல விளம்பரங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மொழி மட்டும் மாறி வந்தன. அவற்றில் நடவுக்குப் போகும் பெண் இல்லை, செங்கல் சூளையில் கல் சுமப்பவள் இல்லை, விறகு பொறுக்குபவள் இல்லை. வீட்டு வேலையும் வயல் வேலையும் சேர்ந்து ஒரே உடம்பில் விழுந்த அந்தப் பெண்ணுக்கு எந்த நிறுவனமும் தன் பொருளை வரையவில்லை, வாங்கும் சக்தி அவளிடம் இல்லை என்பதால்.

இன்னொரு விடுபடலும் பெரிது. தமிழ்ப் பெண்ணின் முதுகை ஒடித்த வேலை அரைப்பதும் ஆட்டுவதும். டால்டாவும் லக்ஸும் ஹார்லிக்ஸும் அதைத் தொடவே இல்லை. தொட்டது கோயம்புத்தூர். 1955-இல், ஆவடி மாநாடு நடந்த அதே ஆண்டில், கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மின்சார ஆட்டுக்கல்லை உருவாக்கினார். கல் நின்ற இடத்திலிருக்க மனிதர் சுற்றிய வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. 1963-இல் தொடங்கிய சுமீத் மிக்சியின் கதையும் வீட்டிலிருந்து பிறந்தது: சத்யபிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி மாதுரி பயன்படுத்திய வெளிநாட்டு மிக்சி நம்மூர் அரைப்பைத் தாங்காமல் பழுதானது; தாங்கும்படியான மோட்டாரோடு கணவர் ஒன்று செய்தார். பெண்ணின் நேரத்தையும் எலும்பையும் உண்மையாக மீட்டவை இந்தக் கருவிகள்தாம். அவை ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர மிக நீண்ட காலம் பிடித்தது. 2011-இல் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் வழங்கியபோது, சபாபதியின் கண்டுபிடிப்புக்கு வயது 56. அந்தத் திட்டத்தைக் கேலி பேசியவர்கள் பலர். அவர்களில் எத்தனை பேர் தினமும் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்திருப்பார்கள்?

விளம்பரம் ஒன்று சொல்ல, பெண்கள் வேறொன்று செய்த இடமும் உண்டு. தையல் மெஷின் அதற்குச் சாட்சி. சிங்கரும் உஷாவும் அதை நல்ல மனைவியின் லட்சணமாக, மகளுக்குத் தர வேண்டிய சீராகக் காட்டின. பிள்ளைக்குச் சட்டையும் தலையணைக்கு உறையும் தைக்கும் சாந்தமான பெண்ணே அவற்றின் படம். வாங்கிய பெண்களோ அக்கம்பக்கத்து ரவிக்கைகளைத் தைத்தார்கள், கூலி வாங்கினார்கள். கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தமிழக அரசு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரை வைத்தபோது, அந்த மெஷின் வருமானக் கருவியாகவே பார்க்கப்பட்டது.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. பெண்கள் நிலை குறித்து ஆராய்ந்த மத்தியக் குழு 1974-இல் தந்த அறிக்கை நாட்டை உலுக்கியது. விளம்பரத் தரக் கவுன்சில் 1985-இல் அமைந்தது. பெண்களை ஆபாசமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. ஆபாசத்தைத் தடுத்த சட்டத்துக்குக் கரண்டியோடு மட்டுமே பெண்ணைக் காட்டுவது குற்றமாகத் தெரியவில்லை. பாலினப் பாத்திரங்களை அப்படி வார்ப்பதைக் கண்டிக்கும் நெறிமுறைகளைக் கவுன்சில் வெளியிட 2022 வரை ஆனது. அதற்குச் சற்று முன்பு, 2019-இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகச் சொன்னது. அந்த வேலையைச் செய்ததாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

வெள்ளானூரைச் சுற்றிய வட்டாரம் இதற்கிடையே வேறு திசையில் மாறிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து 1949-இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951 முதல் ஹெர்குலிஸ் சைக்கிள்களை உற்பத்தி செய்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழும்பி, 1965-இல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. காலை ரயிலிலும் பஸ்ஸிலும் டிபன் பாக்ஸோடு ஏறியவர்களில் பெண்களும் சேரத் தொடங்கினார்கள். ஷிப்டு வேலையும் வீட்டு அடுப்பும் சேர்ந்த அவர்களுடைய நாளைப் பற்றியும், தொழிற்பேட்டையின் வாசலில் அவர்கள் முதலில் கேட்ட உரிமைகளைப் பற்றியும் அடுத்த பகுதியில்.